கோமதிக்கு, தூக்கத்தைப் பற்றி

திருநகர், மதுரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்பதற்கு நாலு வரி, தூக்கம் வராததற்கு இரண்டு பக்கம். அதனால் நானும் ஊர்ச் சேதியைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

மாத்திரைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். நாத்தனார் கொடுத்ததில் பாதி போட்டால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவதாக எழுதியிருக்கிறாய். தூங்கத்தான் செய்வாய். ஆனால் இந்த வகை மாத்திரைகள் கொஞ்ச நாளில் உடம்புக்குப் பழகிவிடும்; பாதி போதாமல் முழுசு கேட்கும். நம் வயதில் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுகிற ஆபத்து வேறு. தினமும் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடாதே. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறை. அடுத்தவர் சீட்டுக்கு வாங்கிய மாத்திரை இனி வேண்டாம். அப்படியே தைராய்டையும் பார்த்துவிடு.

மாமியார் தவறிய பிறகு எனக்கும் கொஞ்ச காலம் இதே பாடுதான். இங்கே ஒரு டாக்டரிடம் போனேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றார், 9 என்றேன். எழுவது? 6. அதில் தூங்குவது? மிஞ்சிப்போனால் 5 மணி நேரம். "அப்போ மிச்சம் 4 மணி நேரம் கட்டிலில் என்னம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கவலைப்படுகிறேன் சார் என்றேன். "அதை நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். கட்டில் அதுக்கில்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாத்தியார் புத்தி போகுமா, வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை இது. படுக்கையில் விழித்தே கிடந்து பழகினால், கட்டிலைப் பார்த்ததுமே மூளை விழித்துக்கொள்ளுமாம். ஹாலில் டிவி முன்னால் சொக்கி விழுகிறவளுக்கு, எழுந்து வந்து படுத்ததும் கண் கொட்டக் கொட்ட விழிப்பு. உனக்கு அப்படித்தானே? அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் இது. தூக்கம் கண்ணைச் சுற்றினால் மட்டும் படுக்க வேண்டும். கால் மணி நேரம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். சின்ன விளக்கில் ஏதாவது சுவாரசியமில்லாத வேலை. கண் சொருகினால் மறுபடி படுக்கை. நான் பூண்டு உரிப்பேன். காலையில் கிண்ணம் நிறைய உரித்த பூண்டைப் பார்த்து, "அத்தை, நேற்றும் தூங்கலையா?" என்பாள் மருமகள். அந்த மாதம் எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்புக்குப் பஞ்சமில்லை. போனை மட்டும் தொடாதே. சுவர்க்கடிகாரத்தையும் பார்க்காதே, மணி மூன்றாச்சே என்று தெரிந்துவிட்டால் வருகிற தூக்கமும் ஓடிப்போகும்.

இன்னொரு பாதி இதைவிடக் கஷ்டம். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. கட்டிலில் கிடக்கிற நேரத்தையும் சுருக்கச் சொன்னார். எனக்கு ராத்திரி 11.30 முதல் காலை 5 வரை. 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. படுத்த நேரமெல்லாம் ஏறக்குறைய தூக்கமாகவே போக ஆரம்பித்தால் கால் மணி கால் மணியாகக் கூட்டிக்கொள்ளலாம். தொடக்கத்தில் பகலெல்லாம் தலை ஆடும். நீ ஸ்கூட்டி ஓட்டுகிறவள், அந்த நாட்களில் வண்டியை எடுக்காதே. வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாதாம்.

எதிர் வீட்டுப் பூக்கார அக்காவைப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவார். மழையோ திருவிழாவோ, எழுகிற நேரம் மாறாது. நாங்கள் சீரியல் பார்க்க உட்காரும்போது அவர் திண்ணையில் பாயை விரித்திருப்பார். போன முளைப்பாரிக்கு அவர் தலைக்கு மேலேயே குழாய் ரேடியோ கட்டி அலறவிட்டார்கள். வாயைத் திறந்தபடி தூங்குகிறார்! விழித்திருக்கிற நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை அழுத்துமாம். நாம் மதியம் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து அதைக் கரைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் எங்கே என்று தேடுகிறோம். காப்பி அந்த அடினோசினின் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. சாயந்திரம் 5 மணிக்குக் குடிக்கிற காப்பியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, ராத்திரி 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். உன் நாலரை மணி டிகிரி காப்பியை மதியத்துக்கு முன்னால் தள்ளு. இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும், வரட்டும்.

கசகசாப் பால், ஜாதிக்காய் எல்லாம் கேட்டிருந்தாய். பால் குடி, தப்பில்லை. ஜாதிக்காயை மட்டும் அள்ளிப் போடாதே, அளவு மீறினால் விஷம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பதில் விஷயம் இருக்கிறது. குளித்த பிறகு உடம்புச் சூடு இறங்கும்போது தூக்கம் வரும். ஆனால் சித்திரை வெயிலில் நம்மூர்த் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான், தனியாகக் காய்ச்ச வேண்டியதில்லை.

அண்ணன் குறட்டையைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு உன்னைவிட அவரைப் பற்றித்தான் கவலை. குறட்டை நடுவில் நின்று, மூச்சே இல்லாத மாதிரி இருந்து, அப்புறம் திணறித் திரும்புகிறதா? பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கி வழிகிறாரா? இரண்டும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ராத்திரி தூங்கவைத்தே பரிசோதிக்கிறார்கள். நான் சொன்னேன் என்று சொல், தங்கச்சி பேச்சைத் தட்ட மாட்டார்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு விருதுநகருக்கு மாற்றல், தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். மாடியில் தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. சித்திரைத் திருவிழாவுக்கு இந்தத் தடவையாவது வாடி. எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நிற்க இடம் பிடிக்க மருமகள் இருக்கிறாள். பாண்டியனில் ராத்திரி உருண்டுகொண்டு வராதே, பகல் வண்டி வைகையில் டிக்கெட் போடு. அண்ணன் டாக்டரைப் பார்த்தாரா என்பதை அதற்கு முன்னால் எழுது.

அன்புடன்,
விஜயா