காகித மணி செய்யும் முறை: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் தொடங்கிவிட்டது. சாயங்காலமே இருட்டிவிடுவதால் கைவேலைக்கு நேரம் தாராளம். கேட்காமலே தபால் பெட்டியில் வந்து விழும் விளம்பரத் தாள்கள் மூலப்பொருளாகிவிடுகின்றன. மாலையில் கோக்கும் காகித மணி செய்வதை விவரமாக எழுதச் சொன்னாயே, இதோ.

வழவழப்பான விளம்பரத் தாள், பத்திரிகைப் பக்கம், பழைய காலண்டர் எல்லாம் நன்றாக வரும். செய்தித்தாள் வேண்டாம்; பசை பட்டதும் ஊறிக் கிழியும், மை பரவி மணி அழுக்காகத் தெரியும். கடை ரசீதையும் தொடாதே. சூடு பட்டால் கறுக்கும்படி ரசாயனம் பூசிய தாள் அது, உடம்பில் படும் நகைக்கு ஆகாது.

காலண்டர் போன்ற தடித்த தாளில் நார் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார். எந்த வாக்கில் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வாக்கில் சுருளும்படி வெட்டு. மாற்றி வெட்டினால் சுருள் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். மெல்லிய தாளுக்கு இந்தக் கவலை இல்லை.

21 செ.மீ. அகலமும் சுமார் 30 செ.மீ. நீளமும் உள்ள பக்கத்தை எடுத்துக்கொள். மேல் ஓரத்தில் மூலையிலேயே தொடங்கி 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி. கீழ் ஓரத்தில் முதல் புள்ளி 1 செ.மீ.யில், அப்புறம் 2 செ.மீ.க்கு ஒன்று. மேலும் கீழுமாக இணைத்து வெட்டினால் 20 நீள முக்கோணங்கள் கிடைக்கும். இரு ஓரத்து அரைத்துண்டுகள் ஆகாது. முக்கோணத்தின் அடி எவ்வளவு அகலமோ, மணி அவ்வளவு நீளம். துண்டு நீள நீள மணி பருக்கும். கூர்முனையை 4 மி.மீ. அகலம் இருக்கும்படி நறுக்கிவிட்டால் பீப்பாய் வடிவம் வரும்.

பலர் ஏமாறுவது நிறத்தில்தான். நல்ல படமாகப் பார்த்து வெட்டுவார்கள், சுருட்டியதும் அது உள்ளே போய்விடும். வெளியே தெரிவது துண்டின் இரு விளிம்புகளும், கூர்முனைப் பக்கம் கடைசி நாலைந்து செ.மீ.யும் மட்டுமே. அதனால் படத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பார். தாள் வெட்டிய ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியுமென்றால், சுருட்டும் முன் இரு விளிம்பிலும் தண்ணீரில் கரையாத மை உள்ள மார்க்கர் பேனாவை ஓட்டிவிடு. வளையம் வளையமாக அந்த நிறம் எழும்பும். அழகில் பாதி அதில் இருக்கிறது.

சுருட்ட மெல்லிய மூங்கில் குச்சி போதும். மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் ஒட்டாது. அகலமான பக்கத்திலிருந்து தொடங்கு. முதல் சுற்றுக்குப் பசை வேண்டாம், இல்லையென்றால் மணி குச்சியோடு நின்றுவிடும். பிறகு வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவு. அதிகமானால் தாள் ஊறிச் சுருக்கம் விழும். தளர்வாகச் சுருட்டினால் நடுப்பகுதி ஒரு பக்கமாகப் பிதுங்கும். கூர்முனை நடுவில் ஓடுகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார். விலகினால் ஈரத்தோடேயே பிரித்துத் திரும்பச் சுருட்டு. காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

ஹீட்டர் ஓடும் வீட்டில் மணியின் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த நிலையில் வார்னிஷ் பூசினால் மங்கிப்போகும். ஒரு ராத்திரி விட்டுவிடு. பசையையே மேல்பூச்சாகப் போட்டு முடித்துவிடலாம் என்பார்கள். வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். தண்ணீரில் கரையும் வகை வார்னிஷை மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசு. மற்ற வகை வார்னிஷுக்கு ஜன்னலைத் திறந்தே ஆகவேண்டும், இந்தக் குளிரில் அது நடக்காது. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாள் மட்டும் தண்ணீர் வார்னிஷில் கலங்கும், தவிர்த்துவிடு.

பூசிய மணிகளைக் குச்சியோடு தெர்மோகோலில் குத்தி வை, அரைகுறையாகக் காயும்போது குச்சியில் ஒருமுறை திருப்பிவிடு. இரு முனைகளிலும் தூரிகையைத் தொட்டுவை. ஈரம் நுழைவதே அந்த வழியில்தான்.

45 செ.மீ. மாலைக்கு 20 மணி சரியாக இருக்கும், இடையிடையே இரண்டு மூன்று மி.மீ. கண்ணாடி மணி போட்டால். அது இல்லாமல் கோத்தால் முனைகள் உரசி வார்னிஷ் உரியும். நைலான் நூலே மேல்; முடிச்சை மணியின் துளைக்குள் இழுத்துவிடு. போட்டுக்கொண்டு குளிக்காதே.

உனக்கு ஒரு மாலை தயாராகிறது. வார்னிஷ் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் முழுக்க இறுகச் சில நாள் பிடிக்கும். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பார்சல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அன்புடன்,
உன் அக்கா