காரணத்தை எழுதித் தாருங்கள்: மண்டப நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 9 அன்று அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் பிறந்தநாள் கூட்டத்துக்காகக் கோத்தகிரியில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த மண்டபம் ஏன் திறக்கப்படவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள், நாங்கள்தான் அறியோம். முதல்நாள் இரவு தொலைபேசியில் ஒரு குரல், "அரசியல் ஆளைப் பற்றிய நிகழ்ச்சி, வேண்டாமென்று குழு நினைக்கிறது" என்றது. முன்பணம் மறுநாள் காலையே, குறை சொல்ல இடமில்லாத வேகத்தில், திரும்பி வந்துவிட்டது. ரசீதின் மேல் "ரத்து" என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த மடலின் கோரிக்கை எளியது: மறுத்த காரணத்தை எழுத்தில் தாருங்கள், எழுதத்தக்க காரணம் இல்லையென்றால் வேறொரு நாளில் மண்டபத்தைத் தாருங்கள்.

இரவில் சொல்லப்பட்ட செய்தி மலைச்சரிவுகளில் எவ்வளவு தூரம் போகும் என்பது இந்த ஊரில் வாழும் தங்களுக்குத் தெரியாததல்ல. அலைபேசிக் கோபுரம் எட்டாத பள்ளத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து பெண்கள், மாலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு, கூடுதல் எடைக்குக் கிடைத்திருக்கும் காசை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தலைசீவி அழைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார்கள். பூட்டிய கேட்டின் முன்னால் காவலாளி தலைகுனிந்து நின்றார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. திரும்பிப் போக இரவுப் பேருந்துதான் என்பதால் அத்தனை பேரும் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்கடியில் நெருக்கியடித்துக் காத்திருந்தார்கள். நிகழ்ச்சியைத் தொடங்கி வைப்பதற்காகத் தப்பு என்னும் பறையை அடிக்க வந்த பெரியவர், அதை வீட்டிலேயே தீமூட்டிக் காய்ச்சி, தோலை விறைப்பேற்றிக் கொண்டுவந்திருந்தார். கோடை மழைச் சாரல் அடிக்கத் தொடங்கியதும் தன் மேல்துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். ஈரக்காற்றுக்கு அது போதவில்லை, தோல் இளகிவிட்டது. விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இனி இன்னைக்கு இது பேசாதுங்க" என்றார். தங்கள் குழுவின் முடிவால் என்ன நட்டம் என்று யாரேனும் கேட்டால், முன்பணக் கணக்கைக் காட்டாமல் இதைச் சொல்லுங்கள்.

ராப்சன் அரசியல் பேசியவர் என்பது உண்மை. அதை மறைத்து அனுமதி கேட்க நாங்கள் விரும்பவில்லை. அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதளவில் தப்பி ஓடியவர். மகன் 1898இல் பிறந்து, 1923இல் சட்டப் பட்டம் பெற்று, ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தபோது, கறுப்பர் ஒருவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்து எடுக்க மாட்டேன் என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் சொல்லிவிட, அந்தத் தொழிலையே விட்டு மேடைக்கு வந்தார். 1943இல் பிராட்வேயில் அவர் ஒத்தெல்லோவாக நடித்த நாடகம் 296 முறை நிகழ்ந்தது. அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு எதிராகச் சட்டம் வேண்டுமென்று 1946இல் அதிபர் ட்ரூமனை நேரில் சந்தித்து வலியுறுத்தினார். வெறும் பாடகராக இருந்திருந்தால் அவருக்கு எந்த மண்டபமும் மூடியிருக்காது. 1949இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் ஊரில் அவருடைய கச்சேரிக்கு வந்தவர்கள்மேல் கல்லெறிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தினார்கள். அதன்பின் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகள் ரத்தாயின, மண்டபக்காரர்கள் கதவடைத்தார்கள். 1950இல் கடவுச்சீட்டும் பறிபோயிற்று.

இங்கேதான் தங்கள் கவனத்தை வேண்டுகிறேன். அந்தக் கடவுச்சீட்டு வழக்கில் அமெரிக்க அரசுத் தரப்பு தன் காரணத்தை நீதிமன்றத்தில் எழுத்து மூலமாகவே வைத்தது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக அவர் நெடுங்காலமாகத் தீவிரமாக இயங்கி வந்திருக்கிறார் என்பதே அதில் ஒரு காரணம். வெட்கப்பட வேண்டிய காரணம்தான், ஆனாலும் எழுதினார்கள். எழுதியதால் உலகம் படித்தது, எதிர்த்தது, 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் தொடர்ந்து சீட்டு அவர் கைக்குத் திரும்பியது. ஒரு வல்லரசு செய்த அந்த மரியாதையைக் கோத்தகிரியின் ஒரு மண்டபக் குழுவிடம் எதிர்பார்ப்பது அதிகமாகாது என்று நம்புகிறேன்.

அவரை ஒரு கொள்கைக்காரராக மட்டும் பார்ப்பவர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சோவியத் நாட்டில் நடந்த கொடுமைகளைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசாதிருந்தது எனக்கு உடன்பாடல்ல. அதையும் அன்று மாலை பேசவிருந்தோம். பேசுவதற்குத்தானே மண்டபம்?

அந்த மனிதரின் பிறந்தநாளுக்குத் தேயிலைத் தோட்டத்து மக்கள் ஏன் வரவேண்டும் என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிகிறேன். 1957இல் கடல்கடந்து போகத் தடையிருந்தபோது, அட்லாண்டிக் தொலைபேசிக் கம்பி வழியாக வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் விழாவில் பாடியவர் அவர். கனடாவுக்குள் செல்ல விடாதபோது, 1952 மே மாதத்தில் எல்லைக்கோட்டருகே ஒரு லாரியின் மேல் நின்று இருபுறத்து மக்களுக்கும் பாடினார். 1960இல் சிட்னியில், கட்டிமுடிக்கப்படாத இசை அரங்கின் சாரங்களில் ஏறி அமர்ந்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்குப் பாடினார். 1956இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு, ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று அவரைக் கேட்டபோது, என் தந்தை அடிமையாக இருந்தவர், இந்த நாட்டைக் கட்டியெழுப்ப என் மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கும் இதில் பங்குண்டு, இங்கேயே இருப்பேன் என்ற பொருளில் விடை சொன்னார். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கை மலைகளிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அங்கே இந்தியராகவும் இங்கே சிலோன்காரராகவும் ஆக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள், அந்த விடையை ஒருமுறை கேட்டாலே போதும். உரை விளக்கம் வேண்டியதில்லை.

தப்பு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் குழுவுக்கு ராப்சனின் அரசியல் நினைவுக்கு வந்ததோ என்று ஊரில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஊகத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் எழுத்தில் காரணம் இல்லாதவரை அதை மறுக்கவும் எனக்கு வழியில்லை. திருமண வரவேற்புகளில் நள்ளிரவை நெருங்கியும் அதே மண்டபத்தின் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. தேர்தல் காலத்துச் செயல்வீரர் கூட்டங்களில் அரசியல் இருப்பதாக இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. மே மாதத்தில் நம் ஊர் நேரு பூங்காவில் காய்கறிகளை அடுக்கி யானையும் மயிலும் செய்து வைப்பதற்குக் கூடுகிற அக்கறையில் சிறிதளவு, அந்தக் காய்கறியையும் தேயிலையையும் விளைவிக்கும் கைகளுக்குக் கூடினால் இந்த மடலுக்கே தேவை இருந்திராது. அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த நேருதான், 1958இல் ராப்சனின் அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாடுவதை, அமெரிக்கத் தரப்பு முகம் சுளித்தபோதும், வெளிப்படையாக வரவேற்று அறிக்கை விட்டவர். ராப்சனை நியூயார்க்கில் சந்தித்து, அவர் பாடிய "ஓல் மேன் ரிவர்" என்ற நதிப் பாட்டின் தாக்கத்தில் பிரம்மபுத்திராவை நோக்கிப் பாடிய அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவுக்கு 2019இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. நாடு ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தங்கள் மண்டபம் தாங்காதா?

கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள்க. கோரிக்கையை மீண்டும் பணிவுடன் வைக்கிறேன். ஏப்ரல் 9ஆம் நாளுக்கான ஒதுக்கீட்டை ரத்து செய்ததன் காரணம், குழுத் தலைவரின் கையொப்பத்துடன் எழுத்தில் எங்களுக்கு வேண்டும். அது இயலாதெனில், வரும் மாதங்களில் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, குறைந்தது ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். லைன் வீடுகளுக்கு ஆளனுப்பிச் சொல்ல அவ்வளவு நாள் வேண்டும். பகல் நேரமானால் பேருந்துக்குச் சிரமமிருக்காது. வாடகை முன்பு பேசிய அதே தொகைதான். நாற்காலிகளை நாங்களே போட்டு நாங்களே எடுத்து வைத்துவிடுகிறோம். தப்பு காய்ச்ச மண்டபத்துக்கு வெளியே சிறிது இடம் போதும். சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் போவோம்.

இப்படிக்கு,
நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுள் ஒருவன்,
கோத்தகிரி.