டைட்டானியத் தூள் பற்றி சண்முகத்துக்கு

கோத்தகிரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கோவையிலேயே கல்லூரி அமைந்ததில் எங்கள் வீட்டிலும் ரொம்ப சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. காட்டெருமைகள் தேயிலைக்குள் படுத்துக் கிடப்பதால், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பனிமூட்டம் விலகிய பிறகுதான் கிளம்புகிறார்கள். பச்சைத் தேயிலை விலையும் கட்டுப்படியாகவில்லை. சரி, அதை நேரில் பேசலாம்.

டைட்டானியக் கம்பியைக் கடைந்தால் பாதிக்கு மேல் கழிவுச் சுருளாகப் போகிறது, தூளிலிருந்து நேராகப் பாகம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம். ஆனால் வெறும் டைட்டானியத் தூளில் இறங்காதே, ஹைட்ரஜனோடு சேர்ந்த டைட்டானியமான ஹைட்ரைடு தூளில் தொடங்கு.

டைட்டானியத்தின் பக்கமே ஹைட்ரஜனை விடக்கூடாது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே போனால் உலோகம் நொறுங்கும். இந்த முறையில் அந்த நொறுங்கும் குணத்தையே வேலை வாங்குகிறார்கள். ஆலையிலிருந்து நுண்துளைக் கட்டியாக வரும் ஸ்பாஞ்ச் டைட்டானியத்தை ஹைட்ரஜனில் சூடாக்கி ஹைட்ரைடு ஆக்கிவிட்டால் சுலபமாக அரைபடும். பிரஸ்ஸில் அழுத்தும்போது துகள்கள் மறுபடி உடைந்து இடுக்குகளில் புகுந்துகொள்ளும். உடைந்த இடமெல்லாம் ஆக்சைடு படியாத புதுப் பரப்பு. உலையில் ஹைட்ரஜன் வெளியேறும்போது துகளின் மேலிருக்கும் ஆக்சைடைக் குறைக்கவும் உதவுகிறது. உக்ரைனின் கீவ் நகரில் உலோக ஆய்வாளர் ஓரெஸ்ட் இவாசிஷின் குழுவினர் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். 1,668 டிகிரியில் உருகும் உலோகம், உருகாமலே துகள்கள் ஒட்டிக்கொண்டு, 1,200 முதல் 1,300 டிகிரிக்குள்ளேயே 98 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியாகிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அழுத்தியெடுத்த துண்டு கருஞ்சாம்பல் நிறம். ஓரத்தை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த வேக்குவம் உலையில் வைத்துச் சூட்டை ஏற்றினார்கள். 400 டிகிரியைத் தாண்டியதும் அழுத்தமானியின் முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஹைட்ரஜன் வருகிறது! உடனே சூட்டை அங்கேயே நிறுத்தி, முள் இறங்கும்வரை காத்திருந்தார்கள். அவசரப்பட்டால் துண்டு வெடித்துப் பிளந்துவிடும். ஒரு கிலோ தூளில் சுமார் 40 கிராம் ஹைட்ரஜன்தான் இருக்கிறது, ஆனால் வாயுவாக வெளியே வரும்போது 450 லிட்டருக்கு மேல். பம்பின் புகைக்குழாயைக் கட்டாயம் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும்.

உனக்கு வேண்டியது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் உள்ள கலவை. அலுமினியமும் வனேடியமும் 60-க்கு 40 சேர்ந்த தூள் தனியாகக் கிடைக்கிறது. முடிவில் நிற்கும் எடையில் அது பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். வெளியேறப்போகும் ஹைட்ரஜனைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு. அப்புறம், தூளை அழுத்தும் அச்சான டை செய்யும்போது சுருக்கத்தை மறந்துவிடாதே. அழுத்தத்தைப் பொறுத்து ஒவ்வொரு பக்கமும் 15 சதவீதம் வாக்கில் குறையும்.

உண்மையான பகை ஆக்சிஜன்தான். ஹைட்ரஜன் உள்ளே வந்தாலும் வேக்குவத்தில் திரும்பிப் போய்விடும், உள்ளே கரைந்த ஆக்சிஜனை அப்படி வெளியேற்ற முடியாது. இந்தக் கலவைக்கு ஆக்சிஜன் 0.20 சதவீதத்தையும் ஹைட்ரஜன் 0.015 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. உன் பட்டறைச் சுருளையும் ஹைட்ரைடாக்கித் தூளாக்க வழி உண்டு. ஆனால் எண்ணெய் போகக் கழுவியதாக, கருகாததாக இருக்க வேண்டும். சூட்டில் நீலம் பாய்ந்த சுருளை இதில் சேர்க்கவே சேர்க்காதே. இன்னொன்று, தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. காய்ந்த மணலைப் பக்கத்திலேயே வைத்திரு.

எலும்புக்குப் பொருத்தும் பாகங்கள் செய்ய ஆசை என்று எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், சண்முகம். மிச்சமிருக்கும் நுண்துளைகள், திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசலுக்கு வழிவிடும். ஒரு மனிதரின் இடுப்பில் போய் உட்காரும் பொருளை வைத்து நாம் கற்றுக்கொள்ளக் கூடாது. ரசாயன ஆலைகளுக்கான வாஷர், நட், அடைப்பு மூடி என்று தொடங்கு. அரிப்பைத் தாங்கினால் போதும், பெரிய ஆட்டமில்லாத இடங்கள்.

உலைக்கு வாங்கியிருக்கும் கொட்டேஷனை எனக்கு அனுப்பு. முன்பணம் கட்டுவதற்குள் பம்பின் அளவை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பழனிசாமி