வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டாதே

அன்புள்ள அம்மணிக்கு,

நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? பாப்பாவுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி அப்புறம் பேசுவோம், நல்ல இடம்தான், அவசரப்படாதீர்கள்.

நேற்று போனில் எல்லாம் பேசி முடித்து வைக்கப் போகிற நேரத்தில், "வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்குதாம், காருக்கு அட்வான்ஸ் கட்டிடலாம்னு இவர் சொல்றார், இருபத்தியோரு இன்ச் வீல், மேட் கலர்" என்றாயே, அதிலிருந்து எனக்கு ஒரே வெசனம். போனில் சொன்னால் அண்ணன் பக்கத்தில் இருப்பார், நீ "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு அவர் சொன்னதற்கே தலையாட்டுவாய், முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அண்ணனிடமும் கொடு.

பெருந்துறை மண்டபத்து வாசலில் பார்த்த வண்டி அண்ணன் மனதில் உட்கார்ந்துவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டி நின்றது மண்டபத்து வாசல். உங்கள் வண்டி நிற்கப் போவது கோபியைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் மேட்டைப் பிடித்துத் தோட்டத்துக்குள் போகிற இடம். அதில் பின்சீட்டில் வரப்போவது முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன மாமா. மாதாமாதம் குன்னத்தூர் வழியாக அவிநாசி வந்து, பிறகு கோவை ஆஸ்பத்திரி. இதில் பெரிய ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். அதுவும் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் வந்த பிறகு அந்தப் பத்து கிலோமீட்டரில் என் பழைய ஜீப்பே கப்பல் மாதிரி போகிறது. வண்டியின் சமாச்சாரம் தெரிவது உங்கள் தோட்டத்துக்குப் போகிற கடைசி நாலைந்து கிலோமீட்டரில்தான்.

அந்த ரோட்டில் இருக்கிற வேகத்தடைகளை நினைத்துப் பார். முறைப்படி போடுகிற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் ஒரு கவலையும் இல்லை. நீங்கள் பார்க்கிற பெரிய மின்வண்டிகள் மெர்சிடிஸ் இக்யூஎஸ், பிஎம்டபிள்யூ ஐ7 இரண்டுக்குமே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.2 மீட்டர். வண்டி நடுமேட்டில் நிற்கும்போது நாலு சக்கரமும் அந்தச் சரிவின் மேலேயே இருக்கும், அதனால் வயிற்றுக்கு அடியில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். நான் பேப்பரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஆனால் உங்கள் ஊரில் யாரோ சிமென்ட்டைக் கொட்டிக் குறுக்கே ஒரு முழத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்களே, அதில் சக்கரம் கீழே இறங்கிவிடும், மேட்டின் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு வரும். இந்த வகை செடான்களுக்குத் தரையிலிருந்து இருப்பதே 12, 14 சென்டிமீட்டர்தான். பெட்ரோல் வண்டி உரசினால் சைலன்சர், மின்வண்டி உரசினால் பேட்டரிப் பெட்டி. காற்றுப் பையின் மேல் வண்டியைத் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷனில் பட்டனை அமுக்கினால் ஓர் அங்குலம் போல உயரும், அதை மெதுவாகப் போகும்போதுதான் உயர்த்த முடியும், ஒவ்வொரு மேட்டுக்கும் உங்கள் டிரைவர் அதை ஞாபகமாகச் செய்ய வேண்டும். செய்வாரா? நீயே சொல்.

நான் இவ்வளவு தூரம் இதில் விழுந்து கிடப்பதற்குக் காரணம் உனக்குத் தெரியும். பட்டறையில் நாள் முழுக்கச் செம்புக் கம்பியும் மோட்டாருக்குள் சுற்றுகிற ரோட்டருமாக இருப்பவள். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து நாட்டிலேயே முதல் மோட்டாரைச் செய்த ஊர் இது, இங்கே பிறந்துவிட்டு மோட்டாரில் ஓடுகிற காரைப் பார்த்தால் கையும் காலும் சும்மா இருக்குமா? பிஎம்டபிள்யூவின் இந்த மின்வண்டிகளில் ரோட்டருக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது அம்மணி, செம்புச் சுருள்தான், அதற்குத் தனியாகக் கரன்ட் கொடுத்துக் காந்தமாக்குகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் அந்தக் கரன்ட்டை நிறுத்திவிடலாம், ரோட்டர் இழுவை இல்லாமல் சும்மா உருளும். மெர்சிடிஸ் இக்யூஎஸ்ஸில் நிரந்தரக் காந்தம். இரண்டும் நல்ல வழிதான், ஆனால் முதலில் சொன்னதை ஓட்டும்போது எனக்கு மனசு நிறைகிறது, அந்தக் கரன்ட்டை உள்ளே கொடுக்கக் கார்பன் பிரஷ் வைத்த ரோட்டரை வேண்டாம் என்று உலகமே ஒதுக்கிவிட்ட பிறகு ஒரு காருக்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறதே!

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு பிஎம்டபிள்யூ ஐ4 இரண்டு டன்னைத் தாண்டும். பேட்டரி முழுக்கத் தரையில் இருப்பதால் வளைவில் சாயவே சாயாது, திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசியும் ஏறி இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலை சுற்றாது. பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி என்பதால் ஸ்டீயரிங் கையில் சுத்தமாக இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 1,900 மீட்டர் உயரம். இரண்டு ஆள் ஏறிய வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 12 யூனிட் கரன்ட் வேண்டும். திரும்பி இறங்கும்போது அதில் பாதிக்குப் பக்கம் பேட்டரிக்கே வந்துவிடும், பிரேக்கில் கால் வைக்கிற வேலையே குறைவு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மலை மேலே முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதே. பேட்டரியில் இடம் இருந்தால்தான் கரன்ட் திரும்ப ஏறும். நிரம்பியிருந்தால் அத்தனை எடையையும் பிரேக் ஒன்றே பிடிக்க வேண்டும்.

ஐ7 இரண்டரை டன்னுக்கும் மேலே. அதையும் மலையில் ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவு பெரிய உடம்பு இப்படித் திரும்பும் என்று நம்ப முடியவில்லை, ஆனாலும் எடை எடைதான், இறக்கத்தில் வளைவுக்கு முன்னால் அது தெரியும். இக்யூஎஸ்ஸில் பின் சக்கரமும் திரும்பும், 10 டிகிரி வரைக்கும் திரும்புகிற வகை உண்டு. உங்கள் களத்தில் நெல் காயும்போது ஓரமாக வண்டியைத் திருப்ப அது பெரிய வசதி, சின்னக் காரைப் போலத் திரும்பிவிடும். அந்த விஷயத்தில் அண்ணன் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இக்யூஎஸ் வாங்கினால் பானெட்டை அவர் திறக்க முடியாது, தெரியுமா? சர்வீஸ் ஆள்தான் திறக்க வேண்டும். கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அவ்வளவுதான். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கிப் பார்க்கிற மனுஷர், அவருக்கு இதை யாராவது சொன்னார்களா?

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

மின்செடான்களில் பின்சீட்டில் ஒரு சங்கடம் உண்டு, ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரியாது. தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயரமாக இருக்கும், கூரையோ தாழ்வு. அப்போது சீட்டுக்கும் தரைக்கும் நடுவே உயரம் குறைந்து, முழங்கால் மேலே தூக்கி, தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். அரை மணி நேரத்தில் பாரம் முழுக்க இடுப்புக்கு வந்துவிடும். முதுகு ஆபரேஷன் ஆனவருக்கு இது ஆகாது. ஆடி ஈ-ட்ரான் ஜிடியில் இதற்காகவே பேட்டரியில் கால் வைக்கிற இடத்தில் பள்ளம் விட்டிருக்கிறார்கள், நல்ல யோசனை, ஆனால் அந்த வண்டியே அவ்வளவு தாழ்வு, மாமா அதில் ஏறி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். எங்கள் ஐ4-ம் அவருக்கு வேண்டாம். அது பெட்ரோல் வண்டிக்கும் பொதுவான உடம்பு, பின்னால் நடுவில் மேடு, சீட் தாழ்வு. எனக்கு ஓட்டப் பிடிக்கும், எங்கள் அம்மாவுக்கு ஏறப் பிடிக்காது.

இக்யூஎஸ் காற்றைக் கிழித்துப் போவதற்காகவே வில் போல வளைத்த உடம்பு, காற்றுத் தடை எண் 0.20, விற்பனைக்கு வந்த கார்களில் அது பெரிய சாதனை. ஆனால் அந்த வளைவு பின்கதவுக்கு மேலே தாழ்ந்து வருகிறது, உயரமான ஆள் தலையைக் குனிந்து ஏற வேண்டும். மாமா ஆறடி. ஐ7 கூரை இன்னும் நேராகப் போகிறது, சீட்டும் எழுந்து உட்கார வாகாக இருக்கிறது, கதவும் அகலம். பள்ளத்தில் விழும்போது இக்யூஎஸ் மெத்தென்று இறங்கி, அப்புறம் சித்த நேரம் ஆடும். ஐ7 ஒரே தடவையில் இறங்கி நின்றுவிடும். முதுகு வலிக்காரருக்கு அந்த ஆட்டம்தான் வேதனை. கூரையிலிருந்து இறங்குகிற 31 அங்குல டிவியைப் பற்றி அண்ணன் அரை மணி நேரம் பேசியிருப்பார். மாமா அதில் என்ன பார்க்கப் போகிறார், தினமும் மஞ்சள் விலை சொல்கிற செய்தி ஒன்றைத் தவிர? டிவிக்காக வாங்க வேண்டாம், அந்தச் சீட்டுக்காக வாங்கலாம்.

ஆனால் எதை வாங்கினாலும் இருபத்தியோரு இன்ச் வீல் வேண்டவே வேண்டாம். சக்கரம் பெரிதாக ஆக டயரின் பக்கச் சுவர் மெலிந்துகொண்டே போகும். பள்ளத்து அடியை முதலில் வாங்க வேண்டியது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கிற காற்றும்தான், அது இரண்டு விரல் கனத்துக்கு வந்துவிட்டால் அடி நேரே ரிம்முக்கும் மாமா முதுகுக்கும் போகும். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். கம்பெனி கொடுப்பதில் ஆகச் சின்ன வீல் எதுவோ அதைக் கேள். போட்டோவில் கொஞ்சம் சாதுவாகத் தெரியும், பரவாயில்லை.

அடுத்தது அந்த மேட் கலர். எனக்கு அண்ணன் மேல் கோபமே இதில்தான். பளபளப்பு இல்லாத பெயின்ட் என்றால் மேல்பூச்சு நுண்ணிய சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் மின்னும், பேனலையே மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். உங்கள் தோட்டத்துத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உன் வீட்டு எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப் பார், வெள்ளை வெள்ளையாக வட்டம் படிந்திருக்கும். சித்திரை வெயிலில் அதே தண்ணீரில் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால் அத்தனை துளியும் உப்பாகக் காய்ந்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான பெயின்ட் என்றால் தேய்த்து எடுத்துவிடலாம், மேட் பெயின்ட்டில் அப்படியே தங்கிவிடும். உங்கள் வாசலில் புளியமரம் வேறு, அதன் மேலே கொக்கு.

எங்கள் வண்டி வெளிர் சாம்பல் மெட்டாலிக். முன்பக்கமும் கதவு ஓரங்களும் கண்ணாடி போலத் தெரிகிற பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறது, அதுதான் கல் தெறிப்பைத் தாங்குகிறது. செராமிக் பூச்சு கல்லைத் தாங்காது, தண்ணீர் உருண்டு ஓடச் செய்யும், அவ்வளவே. கடைசியாக அலசுவதற்கு மட்டும் சமையலறை ஆர்ஓ தண்ணீர் ஒரு குடம் வைத்துக்கொள்வேன், நிழலில் நிறுத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் ஒரு வட்டம் கூட இருக்காது.

டெலிவரி எடுக்கிற அன்றைக்கு அண்ணனைச் செய்யச் சொல்ல வேண்டிய வேலை ஒன்று. வண்டியை டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்லி, கதவில் தெரிகிற டியூப் லைட்டின் பிம்பத்தைப் பார்க்கட்டும். கோடு நேராக இருந்தால் பெயின்ட் சுத்தம், ஆரஞ்சுத் தோல் போல நெளிந்தால் அந்தப் பேனலில் கவனம் வேண்டும். பிறகு பானெட், கதவு, சார்ஜ் போடுகிற மூடி, இவற்றின் இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கட்டும். பேர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனி வண்டியில், மேலே நகம் நுழையவில்லை, கீழே விரலே நுழைந்தது. அந்த விலைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

பணத்தைப் பற்றி நான் பேச மாட்டேன், ஐ7 2023-ல் வந்தபோதே 1.95 கோடி, இக்யூஎஸ் புனே பக்கம் சக்கனில் பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தபோது 1.55 கோடி. மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்பதால்தான் இந்த விலையே. ஒன்று மட்டும், தோட்டத்து இலவச கரன்ட்டில் வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று உன் மகன் சொன்னானாமே, அந்தப் பேச்சே வேண்டாம். வீட்டு இணைப்பில் மூன்று ஃபேஸ் வாங்கி, நல்ல எர்த் போட்டு, தனி லைன் இழுங்கள். எர்த் பார்க்க எங்கள் பட்டறை ஆளை அனுப்புகிறேன்.

என் கருத்து இதுதான். நீயே ஓட்டப் போவதாக இருந்தால் ஐ4 அளவு வண்டி போதும், உனக்குக் கை நன்றாக இருக்கிறது, ஏன் அந்த ஸ்டீயரிங்கை விட்டாய் என்று நான் கேட்காத வருடம் இல்லை. மாமாவுக்காக வாங்குவதாக இருந்தால் ஐ7, சின்ன வீல், வெளிர் மெட்டாலிக் கலர். ஆனால் அதையும் மாமா உட்கார்ந்து பார்த்த பிறகுதான். அவரை ஏற்றி, வாய்க்கால் மேட்டு ரோட்டில், அந்தச் சிமென்ட் மேடுகள் எல்லாவற்றின் மேலும், உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக் காட்டாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இரண்டு கோடிக்கு வண்டி விற்கிறவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போனால் இன்னொரு நல்ல நாள் வரும்.

ஷோரூம்காரர் நம்பரை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தோட்டத்துக்கு வரவழைப்பது என் பொறுப்பு. நானும் டேப்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறேன். அத்தையிடம் அரிசிம்பருப்பு சாதம் செய்யச் சொல், நெய்யை நான் கொண்டுவருகிறேன்.

உன்
கணபதிக்காரி