நாட்டுப்பண் வாக்கெடுப்பால் வந்ததன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘ஜன கண மன’ பாடலை அரசியல் நிர்ணய சபை தீர்மானம் நிறைவேற்றி நாட்டுப்பண்ணாக ஏற்றது என்று எழுதப்பட்டிருந்தது. பலரும் அவ்வாறே நம்புவதால் கட்டுரையாளரை நான் குறை கூறவில்லை. ஆனால், சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் வேறு செய்தியைத் தருகின்றன.

அரசியலமைப்பில் கையொப்பமிடுவதற்காக உறுப்பினர்கள் 1950 சனவரி 24 அன்று கூடியிருந்தபோது, இந்தப் பொருளைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், அதைவிடத் தாமே ஓர் அறிக்கை அளிப்பது நல்லதெனப் பின்னர்க் கருதப்பட்டதாகவும் அவைத் தலைவர் இராஜேந்திர பிரசாத் கூறினார். சொல்லும் இசையும் சேர்ந்த ‘ஜன கண மன’ நாட்டுப்பண்ணாகும் என்றும், விடுதலைப் போராட்டத்தில் வரலாற்றுப் பங்காற்றிய ‘வந்தே மாதரம்’ அதற்கு நிகரான மதிப்பும் தகுதியும் பெறும் என்றும் சில வரிகளில் அறிவித்தார். முன்மொழிவு, விவாதம், வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. அவையின் கைதட்டலே ஒப்புதலாயிற்று. கூட்டம் முடியும் வேளையில், சென்னை மாகாண உறுப்பினர் அனந்தசயனம் ஐயங்காரின் விருப்பப்படி, அனைவரும் எழுந்து நிற்க, பூர்ணிமா பானர்ஜியும் பிறரும் ‘ஜன கண மன’ பாடினர். அடுத்து ‘வந்தே மாதரம்’ பாடப்பட்டது.

உண்மையில் முடிவு அதற்கு முன்பே உருவாகிவிட்டது. விடுதலை பெற்ற உடனேயே, படைப்பிரிவுகளின் இசைக்குழுக்களும் அயல்நாட்டுத் தூதரகங்களும் எதை இசைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் பாடலை இனியும் இசைக்க இயலாது. 1947இல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபையின்போது இந்தியாவின் நாட்டுப்பண் கேட்கப்பட்டபோது, நம் தூதுக்குழுவிடம் இருந்தது ‘ஜன கண மன’ இசைத்தட்டு ஒன்றுதான். அதைக் கேட்டுப் பயின்ற இசைக்குழு வாசித்ததும் பிற நாட்டினர் அதன் இசைக்குறிப்பைக் கேட்டு வாங்க விரும்பினர். இதனை 1948 ஆகஸ்ட் 25 அன்று நேருவே அவையில் விளக்கியுள்ளார். மாகாண ஆளுநர்களின் கருத்தைக் கேட்டதாகவும், ஒருவர் தவிர மற்றவர்கள் இப்பாடலையே ஏற்றதாகவும், அரசியல் நிர்ணய சபை இறுதி முடிவெடுக்கும்வரை அமைச்சரவை இதைத் தற்காலிகமாக ஏற்றுள்ளதாகவும் அவர் கூறினார். வாத்தியக் குழுக்கள் வாசிப்பதற்கு ஏற்ற மெட்டு என்பதே அவர் பெரிதும் வலியுறுத்திய காரணம். 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலில் பாடப்பெற்று, பின்னாளில் நேதாஜியின் படையினர் இந்துஸ்தானிச் சொற்களில் பாடிய அந்த மெட்டு, அதற்குள் பலரது காதுக்கும் பழகியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

வாக்கெடுப்பைத் தவிர்த்தது சரியே என்பது என் உறுதியான கருத்து. பலரைச் சிறைவரை வழிநடத்திய ‘வந்தே மாதரம்’ அவையில் தோற்கடிக்கப்பட்டது என்ற பதிவு, புதிய குடியரசுக்கு ஆறாத புண்ணாகியிருக்கும். எனினும், இரு பாடல்களையும் பற்றி உறுப்பினர்கள் கொண்டிருந்த கருத்துகள் முழு விவாதமாகப் பதிவாகாமற்போனது பேரிழப்பு. இன்று இப்பாடல்களைப் பற்றி எழும் சச்சரவுகளில் ஆதாரத்தைவிட வதந்தியே மிகுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் நாட்டுப்பண் பற்றிய குறிப்பே இல்லை என்பதும், 1976இல் 42ஆவது திருத்தம் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தபோதுதான் அது இடம்பெற்றது என்பதும் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

ஆகவே, 1948ஆம் ஆண்டு நேரு அளித்த விளக்கத்தையும் 1950ஆம் ஆண்டு இராஜேந்திர பிரசாத் வெளியிட்ட அறிக்கையையும் முழுமையாகத் தமிழில் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் நீண்டவை அல்ல. சேர்த்து வெளியிட ஒரு பக்கமே போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்