லட்லோவுக்கு அக்டோபரில் வா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், அம்மா ஊரிலிருந்து வந்து இளவேனில் வரை உங்களோடு இருக்கப்போவதும் கேட்டு மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். டாம்சன் பழம் முடிகிற நேரம், ஆப்பிள் குவிகிற நேரம். டீம் ஆற்றங்கரை மரங்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன.

அரைப்பருவ விடுமுறையில் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வேல்ஸ் எல்லைப் பக்கத்து இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் லட்லோவுக்கு வரலாமா, இரண்டு நாள் போதுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா, இரண்டு நாள் போதும். ஆனால் கோடையில் ஊர் சுற்றுகிற மாதிரி இடங்களை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு வராதே. இந்தப் பருவத்தில் எப்போது எங்கே போவது என்பதை வெளிச்சமும் மழையும்தான் தீர்மானிக்கும். அக்டோபர் 20 வாக்கில் மாலை ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அன்று முதல் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். முடிந்தால் அந்த ஞாயிறுக்கு முந்திய நாட்களில் வா.

மான்செஸ்டரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. கிரூ, ஷ்ரூஸ்பரி வழியாக இரண்டு மணி நேரம் போல ஆகும். இலை உதிரும் மாதங்களில் அரை மணி தாமதத்தைக் கணக்கில் வைத்துக்கொள். தண்டவாளத்தில் விழுந்த ஈர இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி வழவழப்பான கரும்படலமாக ஆக்கிவிடும். அதன்மேல் ரயில் சட்டென்று வேகம் எடுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. அதனால் ஓட்டுநர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாதே, அதற்கு முந்தியதைப் பிடி.

இரவில் வானம் தெளிந்து காற்றில்லாமல் இருந்தால் காலையில் பெரும்பாலும் பனிமூட்டம்தான். மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கீழே இறங்கி ஆற்றுப் பள்ளத்தில் தங்கிவிடும். பத்து, பதினொரு மணிவரை ஊரே பஞ்சுக்குள் கிடக்கும். அப்போது கோட்டைக் கோபுரத்தில் ஏறினால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தைச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் கொடு. கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும். அம்மா சைவம் என்பதால் ஒன்று சொல்கிறேன்: பாலாடைக்கட்டி வாங்கும்போது சைவ உறை சேர்த்ததா என்று கேட்டு வாங்கு. பழைய முறையில் செய்பவர்கள் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைத்தான் பாலில் சேர்க்கிறார்கள், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆப்பிளில் பிராம்லி என்று எழுதியிருப்பது சமையலுக்கானது. பச்சையாகக் கடித்தால் பல் கூசும். ஆனால் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் நம் மாங்காய்க்கு அடுத்தபடி அதுதான்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் குழு உட்காரும் பகுதிக்கு நேராகப் போ. அங்கே மடக்கு இருக்கைகள் இருக்கும். நீண்ட வழிபாட்டில் நின்றபடியே கொஞ்சம் சாய்ந்துகொள்ள, இருக்கையின் அடிப்புறத்தில் சின்னத் திண்டு வைத்திருப்பார்கள். இருக்கையைத் தூக்கினால்தான் அது தெரியும். அந்தத் திண்டுகளின் கீழே 15ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கல்கள், மொத்தம் 28. அதில் அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பிசாசு நரகத்துக்குத் தூக்கிப்போகிற செதுக்கல் ஒன்று உண்டு. கையில் குவளையை இன்னும் விடாமல் பிடித்திருப்பாள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டு. சந்தை ஊரில் எடை, அளவு என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று எந்தப் புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்லும். கோபுரத்தில் 200 படிகள், குறுகிய சுழற்படி. எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. அம்மா வேண்டாம். நீயும் பிள்ளைகளும் மூட்டம் விலகிய பிறகு ஏறுங்கள்.

கோட்டைக்கு மதியத்தை ஒட்டிப் போ. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் லாசி குடும்பத்தார் தொடங்கிய நார்மன் கோட்டை. உள்முற்றத்தில் வட்டமான சிற்றாலயம் ஒன்று கூரையில்லாமல் நிற்கும். இங்கிலாந்தில் வட்ட வடிவ ஆலயங்கள் மிகக் குறைவு. வாசல் வளைவில் வெட்டிய கோணல்மாணல் வரிகளைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் அவற்றின் ஆழம் புரியும், உச்சிவெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். அக்டோபரில் மதியத்திலேயே வெயில் சாய்வாகத்தான் விழுகிறது என்பதால் இந்தக் கோட்டையைப் பார்க்க நல்ல மாதம் இதுதான். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் இங்கேதான் பதினைந்து வயதில் இறந்தான். அவன் மனைவியைத்தான் பிறகு தம்பி எட்டாம் ஹென்றி மணந்தான். அதிலிருந்து என்னென்ன வந்தன என்று உனக்குத் தெரியும்.

அங்குள்ள பலகைகளைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதே, நமக்கு முக்கியமான செய்தி வேறு ஒன்று. இந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து வாங்கியவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் அவர்தான். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும், கர்நாடக நவாபின் ஆட்சி கும்பெனியின் கைக்கு வந்ததும் இவர் பதவிக்காலத்தில். போவதற்கு முன் பல ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், திரும்பி வந்து போவிஸ் பிரபு ஆனார். ஊருக்கு வடமேற்கே பிரம்ஃபீல்டில் ஓக்லி பார்க் என்ற பண்ணையை அப்பா கிளைவே வாங்கியிருந்தார். கோட்டை இன்னும் போவிஸ் குடும்பத்துச் சொத்து. திருநெல்வேலிச் சீமையின் தலையெழுத்தை மாற்றிய கையெழுத்துக்காரர் ஒருவர் இந்தச் சுவர்களுக்கும் சொந்தக்காரர் என்பதைப் பிள்ளைகள் இங்கே நின்றபடி தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் பள்ளியில் படிக்கும் வரலாறும் நீ வீட்டில் சொல்லும் வரலாறும் வேறு வேறல்ல.

கோட்டையிலிருந்து இறங்கி டினம் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் பிரெட் வாக் என்ற பாதை. வேலை செய்தவர்களுக்குக் கூலியைக் காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று ரொட்டியாகக் கொடுத்தார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. இந்த வழியாக லட்ஃபர்டு பாலம்வரை போய், பிராட் தெருவில் ஏறி, பட்டர்கிராஸ் வந்து சேர்ந்தால் மொத்தம் இரண்டரை கிலோமீட்டர் போல. நிதானமாக ஒன்றரை மணி நேரம் வை. ஈர இலை மூடிய கல் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஓட்டக்காலணி ஆகாது, ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகம் வேண்டும். அம்மாவை இந்தப் பாதையில் கூட்டிப்போகாதே. பிராட் தெருவின் ஏற்றமும் முழங்காலுக்கு ஆகாது. அவர் மேலே சதுக்கத்துப் பக்கமே இருக்கட்டும், அங்கே எல்லாம் சமதளம்.

பிரெட் வாக் முடியும் கரையில், லட்ஃபர்டு பாலத்தருகே சாலை முனையில் ஒரு பாறை முகம் இருக்கும். நின்று பார்க்கவேண்டிய பாறை அது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. அந்தக் கடலின் மீன் செதில்களும் எலும்புத்துணுக்குகளும் சில சென்டிமீட்டர் கனமுள்ள ஒரே அடுக்காகப் படிந்திருக்கின்றன. பலர் தோண்டித் தோண்டி அந்த அடுக்கு இருந்த இடம் பள்ளமாகவே ஆகிவிட்டது. இப்போது பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியல் படக்கூடாது. உலக நிலவியலில் சைலூரியன் காலத்தின் ஒரு பகுதிக்கே லட்லோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி மழை. மழை வந்தால் முகம் சுளிக்காதே, அப்போதுதான் சால்மன் மீன் ஏறும். கடலிலிருந்து செவர்ன் வழியாக டீமுக்கு வந்து, மேலே சரளைப் படுகையில் முட்டையிடப் போகிற மீன்கள். ஊருக்குள் இருக்கும் பழைய ஆலைத் தடுப்பணைகளை அவை தாண்டியாக வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் கீழே மடுவில் காத்துக்கிடக்கும். வெள்ளம் அணையை மூடி ஓடினால் துள்ளவே வேண்டியதில்லை, நீந்தியே போய்விடும், நீ பார்க்க முடியாது. மழை நின்று ஆறு தேநீர் நிறத்தில் இறங்கத் தொடங்கும் நேரம்தான் வாய்ப்பு. அணையின் உச்சியைப் பார்க்காதே, அடியில் நுரை கொதிக்கிற இடத்தில் பார்வையை நிறுத்து, இருபது நிமிடம் அசையாமல் நில். மீன் எழும்புவது ஒரு நொடிதான். கைபேசியில் படம் எடுக்கப் பார்த்தால் மீனும் கிடைக்காது, படமும் கிடைக்காது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை இது நடக்கும்.

இரண்டாம் நாள் மழையில்லாமல் இருந்தால் மார்ட்டிமர் காடு. கார் இருந்தால் நல்லது. வின்னல்ஸ் நிறுத்தத்திலிருந்து ஹை வின்னல்ஸ் உச்சி, சுமார் 375 மீட்டர் உயரம். போய்வர இரண்டு மணி நேரம், சேறு உண்டு. தெளிந்த நாளில் வேல்ஸ் மலைகள்வரை தெரியும். அங்கே ஃபாலோ மான்கள் அக்டோபரில் இணை சேரும் பருவத்தில் இருக்கும். கிடா மான் கரகரவென்று உறுமுவது விடியலிலும் மாலையிலும் கேட்கும். காதிலும் உடம்பிலும் நீளமான முடி வளர்ந்த மான்கள் சில இந்தக் காட்டில் உண்டு, அந்த வகை வேறெங்கும் இல்லை. ஐம்பது மீட்டருக்குள் நெருங்காதே. இந்த மாதத்தில் கிடாக்கள் ஆளைக் கண்டால் எப்போதும்போல ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. காளான்களைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவை.

மழை விடாத நாளானால் ஸ்டோக்ஸே என்ற பழைய அரண் வீடு. ஒரு நிறுத்தம் தள்ளி கிரேவன் ஆர்ம்ஸ், அங்கிருந்து இருபது நிமிட நடை. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரம் பார்த்துக்கொள். நவம்பரிலிருந்து திறக்கும் நாட்கள் குறையும், அதையும் பார். லட்லோவின் கம்பளி வணிகர் லாரன்ஸ் கட்டிய வீடு அது. 1291இல் அரண் எழுப்ப அரசனிடம் அனுமதி வாங்கினார். 1294இல் கம்பளிக் கப்பல் மூழ்கி இறந்தார். பெரிய கூடத்தில் சுவர் அடுப்பு கிடையாது, தரை நடுவே எண்கோண மேடையில்தான் தீ மூட்டினார்கள், புகை கூரைவரை போனது. மேலே ஏறும் மரப்படிகளைக் கிட்டப் போய்ப் பார். பலகை அடித்ததல்ல, ஒவ்வொரு படியும் முழு மரத்துண்டிலிருந்து செதுக்கியது. அதன்மேல் எழுநூறு ஆண்டுகளாக ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். கூரையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படியில் ஒரு நிமிடம் செலவிடு.

காரில் வந்தால் இன்னொன்றும் உண்டு. தென்மேற்கே கிராஃப்ட் கோட்டைத் தோட்டத்தில் பழைய இனிப்புச் செஸ்ட்நட் மரங்களின் சாலை. அடிமரம் முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கும், அதைப் பார்க்கவே போகலாம். கடையில் செஸ்ட்நட் வாங்கினால் ஒவ்வொன்றின் தோலிலும் கத்தியால் குறுக்கே கீறிவிடு. கீறாமல் அடுப்பில் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்துவிடும். 200 டிகிரியில் அரை மணி, சூடாக இருக்கும்போதே உரித்துவிடு. ஆறினால் உள்தோல் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. தெருவோரம் கிடக்கும் குதிரைச் செஸ்ட்நட் நஞ்சு. பார்த்துக்கொள்: அதன் கூட்டில் முள் தடிப்பாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். உண்ணக்கூடியதன் கூடு நெருக்கமான மெல்லிய ஊசியாக இருக்கும், கொட்டையின் நுனி கூராக இருக்கும்.

துணியைப் பற்றித் தங்கச்சியிடம் சொல்: ஒரே கனமான கோட்டு வேண்டாம். மெல்லியதாக இரண்டு, மேலே மழை தாங்கும் சட்டை ஒன்று. ஏறும்போது வியர்க்கும், நின்றால் குளிர் பிடிக்கும். அம்மாவுக்கு மட்டும் காதை மூடும் குல்லாயும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும். அந்த விடுமுறை வாரத்தில் தங்குமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் எழுது, தரைத்தளத்தில் அறை கிடைக்கிற இடமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்