சீ.எல்.ஐ. 1949இல் தொடங்கியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை இராணுவம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், சீ.எல்.ஐ. எனப்படும் சிலோன் இலகு காலாட்படை (Ceylon Light Infantry) 1949இல் உருவானதாக எழுதப்பட்டிருந்தது. அது அந்தப் படையின் நிரந்தர அணி தொடங்கிய ஆண்டு. படை 1881இலேயே தொடங்கிவிட்டது.

பெரும்பாலும் மலாயர்களைக் கொண்டிருந்த சிலோன் றைபிள்ஸ் என்ற பழைய படை 1873இல் கலைக்கப்பட்டது. எட்டு ஆண்டு கழித்துத்தான் இலகு காலாட்படை தொண்டர் படையாக எழும்பியது. சிங்களவர், தமிழர், பறங்கியர் (ஐரோப்பியக் கலப்பு வழியினர்), மலாயர் என்று எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். தோட்டத் துரைமார் மட்டும் 1900இல் தங்களுக்கென்று ஒரு றைபிள் படையை வைத்துக்கொண்டார்கள். அது வெள்ளையருக்கு மட்டும். 1910இல் தொண்டர் படைகள் இலங்கைப் பாதுகாப்புப் படையாக மாறியபோது, இதுவும் பெயரிலிருந்த 'தொண்டர்' என்பதை விட்டுவிட்டு, சுருக்கமாக சீ.எல்.ஐ. ஆனது.

என் பெரியப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சீ.எல்.ஐ.யில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியள் அங்கே நிறையப் பேர் என்பார். சோற்றுக்குக் கறி சரியில்லை என்பதுதான் யுத்தத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே முறைப்பாடு. சீருடையோடு அவர் நிற்கும் படம் எங்கள் விறாந்தையில் தொங்கியது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்ட 13 படையினரும் அதே படையின் முதலாம் அணியினர். அடுத்த நாளே பெரியம்மா படத்தைக் கழற்றிப் பெட்டகத்துக்குள் வைத்துவிட்டா. யாருக்குப் பயந்து என்று நாங்களும் கேட்கவில்லை.

அந்த முதலாம் அணிக்கு 1949இல் முதல் கட்டளை அதிகாரியாக இருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1955இல் இராணுவத் தளபதியான முதல் இலங்கையரும் அவரே. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த 1962 சதிமுயற்சியும் வந்த பின்தான் ஆட்சேர்ப்பில் தமிழர், பறங்கியர், கிறிஸ்தவர் குறைந்துகொண்டே போனார்கள். அதையாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

உங்கள் கட்டுரையாளரோ தளபதிகளின் வரிசையில் இரண்டு பிரித்தானியரைச் சொல்லிவிட்டு, முத்துக்குமாருவைத் தாண்டிப் போய்விட்டார். கொழும்புப் பத்திரிகை இப்படி விட்டிருந்தால் நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டிருப்போம்! ஆண்டைத் திருத்தும்போது அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர்,
சண்டிலிப்பாய்